'பிள்ளைய வீட்டுலயே வச்சுக்குங்க'னு பள்ளி சொல்லலாமா? ஆட்டிசம் குழந்தை எங்கே படிக்கணும்னு முடிவு செய்வது யார்?

காலையிலேயே இருக்கன்குடி சுற்றுவட்டாரக் கிராமங்களுக்குள் பட்டாசு ஆலை வேன்கள் வந்துவிடும். ஏறினால்தான் அன்றைய கூலி. ஆறு வயது மகனைப் பள்ளியில் விட்டுவிட்டு அம்மா ஓடி வந்து ஏறுகிறார். பத்தரை மணிக்குப் பள்ளியிலிருந்து போன். பட்டாசு ஆலைக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது என்பதால் அதை எடுப்பது வீட்டில் இருக்கும் பாட்டி.

"பெல் அடிச்சதுல இருந்து காதைப் பொத்திக்கிட்டுக் கத்துறான். வந்து கூட்டிட்டுப் போங்கம்மா."

வாரத்துக்கு இரண்டு முறை இப்படி நடந்த பிறகு ஒரு நாள் அம்மாவை நேரில் வரச் சொல்கிறார்கள். "நாங்க வேண்டாம்னு சொல்லலம்மா. இத்தன பிள்ளைகள வச்சுக்கிட்டு இவன் ஒருத்தன தனியாப் பாக்க இங்க ஆள் இல்ல. கொஞ்ச நாளைக்கு வீட்டுலயே வச்சுக்குங்க. பேரு ரெஜிஸ்டர்ல இருக்கட்டும்."

இது ஒரு குறிப்பிட்ட குடும்பத்தின் கதை அல்ல. விளக்கத்துக்காகச் சொன்ன காட்சிதான். ஆனால், ஆட்டிசம் உள்ள குழந்தையின் பெற்றோரிடம் இதைச் சொன்னால், ஊரையும் வேலையையும் மட்டும் மாற்றித் தங்கள் கதையைச் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். யாரும் கெட்டவர் இல்லை. தலைமை ஆசிரியர் சொன்னதும் பொய் இல்லை. இருந்தாலும் அந்த உரையாடலில் ஒரு சட்டப் பிழை இருக்கிறது. அது என்ன, அதை எப்படிக் கேட்பது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

முதலில், அந்தக் குழந்தைக்கு என்ன நடக்கிறது?

ஆட்டிசம் என்பது நோய் அல்ல. மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு. பேச்சு, பிறரோடு பழகுவது, ஒலி, ஒளி, தொடுதல் போன்றவற்றை உணரும் விதம் ஆகியவற்றில் அது வெளிப்படும். ஒரு குழந்தை பேசவே பேசாது. இன்னொரு குழந்தை பஸ் நம்பர் எல்லாவற்றையும் ஒப்பிக்கும், ஆனால் தண்ணீர் வேண்டும் என்று கேட்கத் தெரியாது.

தமிழக அரசு ஆவணங்களில் இதற்கு 'புற உலக சிந்தனையற்ற' நிலை என்று ஒரு பெயர் உண்டு. படிவத்தில் இந்தச் சொல்லைப் பார்த்தால் குழம்ப வேண்டாம், ஆட்டிசத்தைத்தான் சொல்கிறார்கள். பெயர் என்னவோ பொருத்தமாக இல்லை. பல குழந்தைகளுக்குப் பிரச்சினையே புற உலகம் அளவுக்கு மீறி உள்ளே வருவதுதான். மின்விசிறியின் கிர்ர் சத்தம், சத்துணவுக் கூடத்தில் தட்டு விழும் ஒலி, நாற்பது பேர் ஒரே குரலில் வாய்ப்பாடு சொல்வது என எல்லாம் ஒரே அளவில் காதில் விழும். ஆடிக் கடைசி வெள்ளி அன்று இருக்கன்குடி மாரியம்மன் கோயில் கூட்டத்தின் நடுவே, மைக் செட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கணக்குப் போடச் சொன்னால் எப்படி இருக்கும்? சில குழந்தைகளுக்குச் சாதாரண வகுப்பறையே அப்படித்தான்.

அதனால் காதைப் பொத்திக்கொண்டு கத்துவது அடம் அல்ல. பெல் அடிப்பதற்கு முன் சொல்லி வைப்பது, பெல்லுக்குத் தூரமான வகுப்பில் உட்கார வைப்பது, காதை மூடும் ஹெட்போன் ஒன்றை அனுமதிப்பது, அடுத்து என்ன பாடம் என்று படம் போட்டு ஒட்டி வைப்பது. இவற்றில் எதற்கும் பெரிய செலவு இல்லை. சட்டத்தின் மொழியில் இதற்கு 'நியாயமான வசதி' என்று பெயர். அது கருணை அல்ல, பள்ளியின் கடமை.

சட்டம் என்ன சொல்கிறது?

மாற்றுத்திறனாளிகளுக்கான 1995-ம் ஆண்டுச் சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள்தான் இருந்தன. ஆட்டிசம் அதில் இல்லை. 1999-ல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் அது இடம்பெற்றது. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அந்தப் பட்டியலை 21 ஆக விரித்து, ஆட்டிசத்தையும் சேர்த்தது. 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கும் இந்தச் சட்டத்தில் பெற்றோர் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டிய பிரிவுகள் இரண்டு.

ஒன்று, பிரிவு 16. அரசு நடத்தும் பள்ளியானாலும், அரசு அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளியானாலும் பாகுபாடு இல்லாமல் குழந்தையைச் சேர்க்க வேண்டும், நியாயமான வசதிகளைச் செய்து தர வேண்டும், ஒவ்வொரு குழந்தைக்கும் தேவையான தனிப்பட்ட ஆதரவைத் தர வேண்டும், கற்றலில் முன்னேற்றம் இருக்கிறதா என்று கண்காணிக்க வேண்டும் என்கிறது இது. போக்குவரத்து வசதியும் இதே பிரிவில் வருகிறது. அதிக உதவி தேவைப்படும் குழந்தை என்றால் கூட வருபவருக்கும் அந்த வசதி உண்டு.

இன்னொன்று, பிரிவு 31. 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளதாகச் சான்று பெற்ற 6 முதல் 18 வயது வரையிலான குழந்தை, அருகிலுள்ள பள்ளியிலோ, சிறப்புப் பள்ளியிலோ, தன் விருப்பப்படி இலவசமாகப் படிக்கலாம். 'விருப்பப்படி' என்ற சொல்லைக் கவனியுங்கள். அது குழந்தையின், குழந்தைக்காகப் பெற்றோரின் விருப்பம். "உங்க பிள்ளைக்கு ஸ்பெஷல் ஸ்கூல்தான் சரி" என்று ஆலோசனை சொல்லப் பள்ளிக்கு உரிமை உண்டு. அதைக் காரணம் காட்டி அனுப்பிவிட உரிமை இல்லை.

சரி, வீட்டிலேயே படிப்பது? அதற்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில் 2012-ல் செய்த திருத்தத்தின்படி, பல்வகைக் குறைபாடு அல்லது கடுமையான குறைபாடு உள்ள குழந்தைக்கு வீட்டுவழிக் கல்வியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டு. மேலே பார்த்த காட்சியில் உள்ள பிழை இங்கேதான் இருக்கிறது. தேர்ந்தெடுக்கும் உரிமை குழந்தையின் பக்கம் இருக்கிறது. பள்ளி தன் வசதிக்காக எடுத்துக்கொள்ளும் வழி அல்ல அது. அதிலும் வீட்டுவழிக் கல்வி என்றால் பயிற்றுநர் வீட்டுக்கு வந்து சொல்லித்தர வேண்டும். பெயரை மட்டும் ரெஜிஸ்டரில் வைத்துக்கொண்டு பிள்ளையை வீட்டில் உட்கார வைப்பதற்குச் சட்டத்தில் எந்தப் பெயரும் கிடையாது.

தனியார் பள்ளி என்றால்?

அங்கீகாரம் உள்ள எந்தப் பள்ளிக்கும் இதே கடமைதான். இது தவிர, ஆர்.டி.இ. 25 சதவீத ஒதுக்கீட்டில் மாற்றுத்திறன் குழந்தைகள் 'வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினர்' என்ற வகையில் வருவார்கள். சேர்க்கையின்போது குழந்தைக்கு நேர்முகத் தேர்வு வைப்பதும், பெற்றோரை வடிகட்டுவதும் அந்தச் சட்டத்தின் பிரிவு 13-ன்படி குற்றம். முதல் முறை 25,000 ரூபாய் வரை அபராதம், அடுத்தடுத்த ஒவ்வொரு முறையும் 50,000 ரூபாய் வரை.

நடைமுறையில் தனியார் பள்ளிகளில் கேட்கும் வாசகம் வேறு. "சேத்துக்கிறோம், ஆனா ஷேடோ டீச்சர நீங்களே வச்சுக்கணும்." அதாவது வகுப்பில் குழந்தையின் பக்கத்திலேயே இருந்து உதவும் ஆளுக்கான சம்பளத்தைப் பெற்றோர் தர வேண்டும். தினக்கூலி வீட்டில் இதற்கு வழி ஏது? இது 'வேண்டாம்' என்பதை வேறு மாதிரி சொல்வதுதான்.

டெல்லியில் இதே மாதிரியான ஒரு வழக்கு உயர்நீதிமன்றம் வரை போனது. லேசான ஆட்டிசம் உள்ள ஒரு சிறுமி தனியார் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார். உதவிக்கு ஆள் இல்லாமல் ஒரு கட்டத்தில் பள்ளிக்குப் போவது நின்றுபோனது. மீண்டும் சேர்க்கப் பெற்றோர் நடையாய் நடந்தார்கள். 2025 ஜூலையில் டெல்லி உயர்நீதிமன்றம், வயதுக்கேற்ற வகுப்பில் அந்தச் சிறுமியை இரண்டு வாரங்களுக்குள் மீண்டும் சேர்க்கும்படி பள்ளிக்கு உத்தரவிட்டது. பெற்றோர் ஏற்பாடு செய்யும் ஷேடோ டீச்சரை வகுப்பில் அனுமதிக்க வேண்டும் என்றும் சொன்னது. இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. உதவியாளரை அனுமதிக்கச் சொன்ன உத்தரவு இது. ஒவ்வொரு பெற்றோரும் தன் செலவில் ஆள் வைத்தே ஆக வேண்டும் என்று இதற்குப் பொருள் இல்லை.

'ஆள் இல்ல' என்பது பதிலாகுமா?

தலைமை ஆசிரியர் சொன்ன காரணம் உண்மையானது என்று முதலிலேயே சொன்னோம். கிராமத்து அரசுப் பள்ளிகளில் சிறப்புப் பயிற்றுநர் தினமும் இருப்பதில்லை. வட்டார வள மையத்திலிருந்து முறை வைத்துப் பல பள்ளிகளுக்குச் சென்று வருவார். அவர்கள் தொகுப்பூதியத்தில் வேலை பார்ப்பவர்கள். பணி நிரந்தரம் கேட்டுப் பல முறை போராடியிருக்கிறார்கள். ஒருவர் எத்தனை ஊருக்குத்தான் ஓடுவார்?

இந்தச் சிக்கல் உச்ச நீதிமன்றத்துக்கும் போனது. ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் 2021 அக்டோபரில் நீதிமன்றம் தந்த தீர்ப்பையொட்டி, 2022-ல் மத்திய அரசு விகிதத்தை அறிவித்தது. தொடக்க வகுப்புகளில் 10 சிறப்புத் தேவைக் குழந்தைகளுக்கு ஒரு சிறப்பு ஆசிரியர், அதற்கு மேலான வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர். மாநிலங்கள் பணியிடங்களை உருவாக்கவில்லை என்பதால் 2025 மார்ச் 7 அன்று அதே வழக்கில் மீண்டும் உத்தரவு வந்தது. எத்தனை பணியிடம் தேவை என்று கணக்கிட்டு அறிவித்து, தகுதியானவர்களை நியமிக்க வேண்டும் என்று எல்லா மாநிலங்களுக்கும் நீதிமன்றம் சொன்னது.

ஆக, ஆள் இல்லை என்பது அரசு தீர்க்க வேண்டிய பிரச்சினை. அதற்குக் குழந்தையை வீட்டுக்கு அனுப்புவது தீர்வாகாது. பெற்றோர் தலைமை ஆசிரியரோடு சண்டை போடுவதை விட, "ஆள் வேணும்னு நீங்க மேல எழுதுங்க சார், நானும் எழுதித் தர்றேன்" என்று கேட்பது பல நேரம் வேலைக்கு ஆகும். அவருக்கும் அந்தக் கடிதம் தேவைதான்.

பெற்றோர் எங்கே தொடங்குவது?

சான்றிலிருந்து. பள்ளியில் சேரச் சான்று கட்டாயம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பிரிவு 16 சதவீதம் பார்ப்பதில்லை. ஆனால் பிரிவு 31-ன் உரிமைக்கும், மற்ற சலுகைகளுக்கும் சான்று வேண்டும். யு.டி.ஐ.டி. எனப்படும் தனித்துவ அடையாள அட்டைக்கு இணையத்தில் விண்ணப்பித்தால் அரசு மருத்துவமனையில் பரிசோதனைக்கு அழைப்பார்கள். மருத்துவ உளவியலாளர் ஒருவர் 40 அம்சங்கள் கொண்ட இந்திய ஆட்டிசம் மதிப்பீட்டு அளவுகோலைப் பயன்படுத்திக் குழந்தையைக் கவனிப்பார், பெற்றோரிடம் கேள்வி கேட்பார். 70 மதிப்பெண்ணுக்குக் கீழ் என்றால் ஆட்டிசம் இல்லை என்று கணக்கு. விருதுநகரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்ட பிறகு, இந்தப் பக்கத்து மக்கள் எல்லாவற்றுக்கும் மதுரைக்கு ஓட வேண்டிய நிலை கொஞ்சம் குறைந்திருக்கிறது.

அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும்போது ஒரு விஷயம். "எங்க பிள்ள நல்லாத்தான் இருப்பான், கொஞ்சம் சேட்டை" என்று பாசத்தில் குறைத்துச் சொல்லிவிடுகிற பெற்றோர் உண்டு. அங்கே உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். தூக்கம், சாப்பாடு, சத்தம், கழிப்பறை என எல்லாவற்றையும் முந்தின வாரமே ஒரு தாளில் குறித்துக்கொண்டு போனால் நல்லது. எழுதத் தெரியாதவர்கள் போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது வட்டார வள மையம். இருக்கன்குடிக்காரர்களுக்குச் சாத்தூர். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் சிறப்புப் பயிற்றுநர், இயன்முறை சிகிச்சை, பள்ளி ஆயத்தப் பயிற்சி, வீட்டுவழிப் பயிற்சி எல்லாம் இந்த மையங்கள் வழியாகத்தான் வருகின்றன. போக்குவரத்துப் படி, உடன் வருபவருக்கான படி பற்றியும் அங்கேயே கேட்கலாம். கேட்காதவர்களுக்கு இது தானாக வந்து சேர்வது அபூர்வம்.

இனி முக்கியமான வேலை, கடிதம். வாய்வார்த்தையாகச் சொன்ன மறுப்புக்கு எந்தத் தடயமும் இருக்காது. "நாங்க எப்பம்மா வேண்டாம்னு சொன்னோம்?" என்று பிறகு கேட்டால் பதில் சொல்ல முடியாது. எனவே தலைமை ஆசிரியருக்கு ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். குழந்தையின் பெயர், வகுப்பு, யு.டி.ஐ.டி. எண் இருந்தால் அது. எந்தெந்தத் தேதிகளில் பாதியில் வீட்டுக்கு அனுப்பினார்கள் என்ற விவரம். பிறகு, 'மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 16-ன்படி கீழ்க்கண்ட வசதிகளைக் கேட்கிறேன்' என்று ஒரு வரி. அதன் கீழே குழந்தைக்கு உண்மையில் என்ன வேண்டுமோ அது: கதவுக்குப் பக்கத்தில் இடம், பெல்லுக்கு முன் வெளியே அழைத்துப் போவது, வாரம் எத்தனை நாள் சிறப்புப் பயிற்றுநர், கழிப்பறைக்கு யார் உதவுவது. 'தர இயலாது என்றால் காரணத்தை எழுத்தில் தரவும்' என்று முடித்துவிட்டு, நகலில் தேதியோடு கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

பெரும்பாலும் அந்தக் கடைசி வரிதான் வேலை செய்யும். மறுப்பை எழுத்தில் தர யாரும் விரும்ப மாட்டார்கள். பேச உட்காருவார்கள்.

சேர்த்தாச்சு... ஆனா ஒண்ணும் கத்துக்கலையே?

இதுதான் இன்னும் கஷ்டமான கேள்வி. பள்ளியில் இடம் கிடைத்துவிட்டது, யாரும் திருப்பி அனுப்புவதும் இல்லை. குழந்தை கடைசி பெஞ்சில் உட்கார்ந்து மூன்று வருடமாகக் கோடு கிழித்துக்கொண்டிருக்கிறது. இதை எப்படிக் கேள்வி கேட்பது?

அமெரிக்காவில் ஒரு குடும்பம் இதையே கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனது. கொலராடோ மாநிலம் டக்ளஸ் கவுன்டியைச் சேர்ந்த ஆட்டிசம் உள்ள சிறுவன் எண்ட்ரூவின் வழக்கு அது. அங்கே 1975-லிருந்தே ஒவ்வொரு மாற்றுத்திறன் குழந்தைக்கும் தனிக் கல்வித் திட்டம் எழுதித் தரப் பள்ளி கடமைப்பட்டது. அந்தத் திட்டத்தில் வருடா வருடம் ஏறக்குறைய அதே இலக்குகளை எழுதிக்கொண்டிருந்தார்கள். நான்காம் வகுப்போடு பெற்றோர் அவனை ஆட்டிசத்துக்கான தனியார் பள்ளிக்கு மாற்றினார்கள். அங்கே முன்னேற்றம் தெரிந்தது. கட்டணத்தை அரசுப் பள்ளி நிர்வாகம் தர வேண்டும் என்று வழக்குப் போட்டார்கள். கீழ் நீதிமன்றங்களில் தோல்வி. ஏதோ கொஞ்சம் பலன் இருந்தால் போதும் என்பது அங்கே எடுத்த நிலை. 2017 மார்ச் 22 அன்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதைத் தள்ளியது. அந்தக் குழந்தையின் சூழலுக்குப் பொருத்தமான முன்னேற்றம் கிடைக்கும்படி திட்டம் இருக்க வேண்டும் என்றது.

அந்தத் தீர்ப்பு நம்மைக் கட்டுப்படுத்தாது. நம் சட்டத்தில் அந்த மாதிரி விரிவான தனித் திட்ட நடைமுறையும் இல்லை. 'தனிப்பட்ட ஆதரவு' என்ற அளவில்தான் இருக்கிறது. ஆனால் கேள்வியைக் கடன் வாங்கலாம். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் சிறப்புப் பயிற்றுநரையும் வகுப்பாசிரியரையும் சேர்த்து உட்கார வைத்து, "இந்த வருசம் முடியிறதுக்குள்ள இவன் என்ன மூணு விஷயம் கத்துக்கணும்?" என்று கேட்டு எழுதி வாங்கலாம். படிப்பாகவே இருக்க வேண்டும் என்றில்லை. பசித்தால் படத்தைக் காட்டிக் கேட்பது, பத்து நிமிடம் இடத்தில் உட்காருவது, தன் பெயரை அடையாளம் காண்பது. காலாண்டுக்கு ஒரு முறை அதை எடுத்துப் பார்க்க வேண்டும். மூன்று காலாண்டு கழித்தும் அதே இடத்தில் நின்றால், இடம் மாற்றுவது பற்றிப் பேச அதுதான் ஆதாரம்.

சிறப்புப் பள்ளிக்கு மாற்றுவதும் தோல்வி அல்ல. சில குழந்தைகளுக்குச் சின்ன வகுப்பும் பயிற்சி பெற்ற ஆசிரியரும்தான் பொருந்தும். ஆனால் சிறப்புப் பள்ளிகள் பெரும்பாலும் நகரங்களில் இருக்கின்றன. தினமும் போகவர ஆகும் நேரத்தையும், விடுதி என்றால் பேசத் தெரியாத பிள்ளையின் பாதுகாப்பையும் கணக்கில் வைக்காமல் முடிவு எடுக்கக் கூடாது. போய் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பாருங்கள். பார்க்க விடாத பள்ளி என்றால் யோசிக்க வேண்டும்.

பள்ளி கேட்கவில்லை என்றால்?

வட்டாரக் கல்வி அலுவலர், பிறகு மாவட்டக் கல்வி அலுவலர். கூடவே மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கு ஒரு நகல். கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தால் பதிவு எண் கிடைக்கும். அதை விடாமல் வைத்துக்கொள்ள வேண்டும். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417.

இதற்கும் மேலே சென்னையில் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் இருக்கிறார். சாட்சிகளை அழைக்கவும் ஆவணங்களைக் கேட்டுப் பெறவும் சிவில் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் அவருக்கு உண்டு. அவர் தரும் பரிந்துரை மீது என்ன நடவடிக்கை எடுத்தோம் என்று சம்பந்தப்பட்ட துறை மூன்று மாதங்களுக்குள் தெரிவிக்க வேண்டும். சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம், மறுபடி மீறினால் 50,000-க்குக் குறையாமல் 5 லட்சம் ரூபாய் வரை.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு அலுவலகத்துக்கும் போய் வர ஒரு நாள் கூலி போகும் என்பதும் உண்மை. பட்டாசு ஆலையில் சீசன் நேரத்தில் லீவு கேட்பது எவ்வளவு கஷ்டம் என்று இந்தப் பகுதியில் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எல்லா மனுவையும் நேரில்தான் கொடுக்க வேண்டும் என்று இல்லை. தபாலில் ஒப்புகையோடு அனுப்பினாலும் செல்லும். அனுப்பிய ரசீது, ஒப்புகை, மனுவின் நகல், பள்ளியிலிருந்து போன் வந்த தேதிகள் குறித்த தாள் எல்லாம் யு.டி.ஐ.டி. அட்டை இருக்கும் அதே கவருக்குள் இருக்கட்டும். போனை எடுப்பது பாட்டி என்றால், அந்தத் தேதிகளைக் காலண்டரில் வட்டம் போட்டு வைக்க அவரிடமும் சொல்லி வையுங்கள்.